நாக்குக் கல் சொன்ன உண்மை
(அருளாளர் நிக்கோலாஸ் ஸ்டெனோவின் வாழ்க்கை)

பத்தாம் வகுப்பு மாணவி

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள் நம் பெரியவர்கள். ஆனால் ஒரு சிறு பல்லே, இந்தப் பூமியின் பழைய வரலாற்றைத் திறக்கும் சாவியாக உதவியது என்றால் நம்புவீர்களா, தோழியரே? அதுவும் மனிதப் பல் அன்று. சுறா மீனின் பல்! அந்தச் சாவியைக் கையில் எடுத்துப் பூட்டைத் திறந்தவர் ஒரு மருத்துவர். பிற்காலத்தில் ஓர் ஆயர். இன்று திருச்சபை அருளாளர் என்று போற்றும் ஒருவர். அவரைப் பற்றி நான் அறிந்துகொண்ட கதையை முதலில் கூறிவிடுகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் அம்மாவுடன் மீன் சந்தைக்குச் சென்றிருந்தேன். புட்டு செய்வதற்காக அம்மா பால் சுறா வாங்கினார்கள். மீன்காரப் பாட்டி அதைத் துண்டு போடும்முன் நான் அதன் தோலைத் தடவிப் பார்த்தேன். தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் வழவழப்பாக இருந்தது. வாலிலிருந்து தலையை நோக்கித் தடவினாலோ உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. வாயைத் திறந்து காட்டும்படி கேட்டேன். முன்வரிசைப் பற்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசை, அதற்கும் பின்னால் ஈறுக்குள் படுத்தபடி மற்றொரு வரிசை! ஒன்று விழுந்தால் அடுத்தது வந்து நிற்கும் என்று பாட்டி சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

பள்ளி திறந்தபின் பரிணாமம் பற்றிய பாடம் வந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் என்று புத்தகம் கூறிற்று. என் மனத்தில் ஒரு கலக்கம் உண்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் கேட்பது ஒன்று, திங்கட்கிழமை அறிவியல் வகுப்பில் கேட்பது வேறொன்று. இரண்டில் எதை நான் விடவேண்டும்? பயந்து பயந்து எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. சுறாவின் பல்லைப் பற்றி ஆராய்ந்த ஸ்டெனோ என்பவரின் வாழ்க்கையைப் படித்துவிட்டு வா, பிறகு பேசுவோம் என்று மட்டும் கூறினார். அப்படிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

பிறப்பும் இளமையும்

ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில், 1638ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நீல்ஸ் ஸ்டென்சன் பிறந்தார். கற்றோர் அந்நாளில் இலத்தீன் மொழியில் நூல் எழுதியதால், அவருடைய பெயரும் இலத்தீன் உருப்பெற்று நிக்கோலாஸ் ஸ்டெனோ என்று வழங்கலாயிற்று. தந்தை ஒரு பொற்கொல்லர். மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நகைவேலை செய்து கொடுத்தவர். குடும்பம் லூத்தரன் சபையைச் சேர்ந்தது.

மூன்று வயதில் ஸ்டெனோவை ஒரு நோய் பற்றிக்கொண்டது. ஆறு வயது வரை அவரால் மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாட இயலவில்லை. வீட்டுக்குள் பெரியவர்களின் பேச்சைக் கேட்டபடியே வளர்ந்தார். நோய் நீங்கிய சில நாட்களில் தந்தையார் காலமானார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். பொற்கொல்லர்களின் பட்டறையே அந்தச் சிறுவனின் உலகம். நுண்ணிய கருவிகளைப் பிடிக்கும் கைத்திறனும், எதையும் கூர்ந்து நோக்கும் பழக்கமும் அங்கேதான் அவருக்கு வாய்த்தன போலும்.

1654, 1655ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் கோபன்ஹேகனைச் சூறையாடியது. அவர் படித்த பள்ளியில் மட்டும் சுமார் 240 மாணவர்கள் மடிந்தார்கள். நேற்று பக்கத்து இருக்கையில் இருந்த தோழன் இன்று இல்லை. 2020ஆம் ஆண்டில் பள்ளிக் கதவுகள் மூடப்பட்டதையும், வீடுகளில் பெரியவர்கள் அஞ்சி வாழ்ந்ததையும் கண்ட நமக்கு, அந்தப் பதினாறு வயது இளைஞனின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு புரியும்.

1656ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். அங்கும் அமைதி இல்லை. சுவீடன் நாட்டு மன்னரின் படை 1658இல் நகரை முற்றுகையிட்டது. மாணவர்களும் நகரைக் காக்க அழைக்கப்பட்டார்கள். உணவும் விறகும் அரிதான அந்த நாட்களில், 1659ஆம் ஆண்டு, ஸ்டெனோ ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் கேயாஸ், அதாவது குழப்பம். தாம் படித்த நூல்களின் குறிப்புகள், தமக்குத் தோன்றிய ஐயங்கள், பனித்துகள்களின் வடிவங்கள் எல்லாம் அதில் உள்ளன. பிறர் எழுதியதை மட்டும் படித்துவிட்டு, படைப்பை நேரில் பாராமல் இருப்பது கடவுளின் மாட்சிக்கே குறைவு என்னும் எண்ணத்தை அவர் அதில் பதிந்து வைத்தார். இந்த ஓர் எண்ணமே அவருடைய வாழ்நாள் முழுவதும் வழிகாட்டியது எனலாம்.

கத்தி பிடித்த கை

1660ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகருக்குச் சென்றார். அங்கே ஏப்ரல் மாதத்தில் ஓர் ஆட்டின் தலையை அறுத்துப் பார்த்தபோது, காதின் முன்புறம் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வாய்க்குள் வரும் ஒரு நாளத்தைக் கண்டார். அதுவரை உமிழ்நீர் எங்கிருந்து வருகிறது என்பதில் தெளிவில்லை. இன்றும் மருத்துவ நூல்கள் அதனை ஸ்டென்சன் நாளம் என்றே அழைக்கின்றன. அப்போது அவருக்கு வயது 22. கண்டுபிடித்தது தாமே என்று அவருக்கு இடம் கொடுத்திருந்த ஆசிரியர் உரிமை கொண்டாடினார். ஸ்டெனோ ஏசவில்லை, மேலும் பல சுரப்பிகளை ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். வழக்கு தானே தீர்ந்தது.

பிறகு லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். கண்ணீர் மூளையிலிருந்து வருவதில்லை, கண்ணீர்ச் சுரப்பிகளிலிருந்தே வருகிறது என்று காட்டினார். இதயத்தை உயிரின் இருப்பிடம், வெப்பத்தின் ஊற்று என்றெல்லாம் கற்றோர் வருணித்து வந்தார்கள். ஸ்டெனோ அதை வேகவைத்து, இழை இழையாகப் பிரித்துப் பார்த்து, அது ஒரு தசையேயன்றி வேறில்லை என்று கூறினார்.

இவ்வளவு புகழ் பெற்றும் தாய்நாட்டில் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1664இல் தாயாரும் மறைந்தார். பாரிஸ் நகருக்குச் சென்ற அவர், 1665ஆம் ஆண்டில் அறிஞர் கூட்டம் ஒன்றில் மூளையைப் பற்றி உரையாற்றினார். மூளையைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொண்டே அவர் பேச்சைத் தொடங்கினார்! பெரும் தத்துவ அறிஞரான டேக்கார்ட் மூளையைப் பற்றிக் கூறியவை நேரில் அறுத்துப் பார்த்தால் பொருந்தவில்லை என்பதைப் பணிவோடு எடுத்துக் காட்டினார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் நம் பழமொழி அவருக்காகவே பிறந்ததோ என்று தோன்றுகிறது.

கரைக்கு வந்த சுறா

1666ஆம் ஆண்டு ஸ்டெனோ இத்தாலி நாட்டிற்கு வந்தார். தஸ்கனி நாட்டின் பெருங்கோமகன் இரண்டாம் பெர்டினாண்டு அறிவியலை நேசித்தவர். அவர் ஸ்டெனோவைப் புளோரன்ஸ் நகருக்கு வரவேற்று ஆதரித்தார்.

அந்த ஆண்டு அக்டோபர் மாதம், லிவோர்னோ துறைமுகத்திற்கு அருகே மீனவர்கள் ஒரு மாபெரும் பெண் சுறாவைப் பிடித்தார்கள். அது பெரிய வெள்ளைச் சுறா. செய்தி கோமகனுக்கு எட்டியது. சுறாவின் தலையை ஸ்டெனோவிடம் அனுப்புமாறு அவர் கட்டளையிட்டார். வண்டியில் வந்து இறங்கிய தலையை அறிஞர்கள் சூழ்ந்து நிற்க ஸ்டெனோ அறுத்து ஆராய்ந்தார். அவ்வளவு பெரிய உடலுக்கு மூளை மிகச் சிறியதாக இருந்தது. தோலில் நுண்ணிய துளைகள் காணப்பட்டன. வாயைத் திறந்தபோது வரிசை வரிசையாகப் பற்கள். அந்தப் பற்களைக் கண்டதும் அவருக்கு வேறொரு பொருள் நினைவுக்கு வந்தது. அதுதான் நாக்குக் கல்!

நாக்குக் கல் என்பது யாது? மால்ட்டா தீவிலும் வேறு பல இடங்களிலும் பாறைகளுக்குள் முக்கோண வடிவமான, பளபளப்பான கற்கள் கிடைத்து வந்தன. அவை சந்திர கிரகணத்தின்போது வானத்திலிருந்து விழுகின்றன என்று பழைய உரோமை அறிஞர் பிளினி எழுதி வைத்தார். மால்ட்டா மக்களோ வேறொரு கதை கூறினார்கள். புனித பவுல் கப்பல் உடைந்து மால்ட்டாவில் கரையேறியபோது ஒரு விரியன் பாம்பு அவர் கையைப் பற்றிக்கொண்ட நிகழ்ச்சி திருத்தூதர் பணிகள் நூலில் உண்டு. அன்று அவர் அத்தீவின் பாம்புகளைச் சபித்ததால் அவற்றின் நாக்குகளே கல்லாயின என்பது அவர்கள் நம்பிக்கை. நஞ்சை முறிக்கும் என்று எண்ணிச் செல்வர்கள் அவற்றைத் தாயத்துப் போல அணிந்தார்கள். மதுக் கிண்ணத்தில் அமிழ்த்தியும் எடுத்தார்கள். இன்னும் சிலர், கற்கள் பாறைக்குள்ளே செடி போலத் தாமாக முளைத்து வளர்கின்றன என்றார்கள்.

இவை சுறாவின் பற்கள் என்று ஸ்டெனோவுக்கு முன்பே கூறியவர்களும் உண்டு. இத்தாலியரான பாபியோ கொலோன்னா 1616ஆம் ஆண்டிலேயே அதை எழுதியிருந்தார். ஆனால் உலகம் ஒரு கேள்வி கேட்டது: சுறாவின் பல் என்றால், கடலிலிருந்து தொலைவில், மலைமேல், கெட்டியான பாறைக்குள் அது எப்படிப் போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை காணாமல் பல்லைப் பல் என்று சொல்லி என்ன பயன்?

அடி மேல் அடி

ஸ்டெனோ அவசரப்படவில்லை. தாம் கண்டவற்றை முதலில் ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு எழுதினார். பிறகே அவற்றிலிருந்து எதை ஊகிக்கலாம் என்று தனியாக எழுதினார். கண்டது வேறு, கருதுவது வேறு என்று பிரித்துக் காட்டிய இந்த நேர்மை என்னை மிகவும் கவர்ந்தது. நம் செய்முறை ஏட்டிலும் காண்பன, அறிவன என்று பிரித்து எழுதுகிறோம் அல்லவா?

அவருடைய வாதம் இப்படிச் சென்றது. ஒரு மரத்தின் வேர் பாறை இடுக்கில் வளர்ந்தால் பாறை பிளக்கிறது. வேரும் நசுங்கிக் கோணுகிறது. நாக்குக் கற்கள் பாறைக்குள் வளர்ந்தவை என்றால், அவையும் கோணல்மாணலாக இருக்கவேண்டும். சுற்றியுள்ள பாறையும் விரிசல் கண்டிருக்கவேண்டும். அப்படி இல்லை. எல்லாக் கற்களும் ஒரே ஒழுங்கான வடிவில் உள்ளன. ஆகவே பல் முதலில் இருந்தது. அதைச் சூழ்ந்த பாறை பின்னர் வந்தது. பாறை வந்த வேளையில் அது கல்லாக இல்லை, மென்மையான சேறாக இருந்தது. சேறு நீரின் அடியில் படிவது. அந்த இடத்தில் சிப்பிகளும் சேர்ந்தே கிடைக்கின்றன. எனவே இன்று மலையாக நிற்கும் அந்த நிலத்தின்மேல் ஒரு காலத்தில் கடல் இருந்திருக்கவேண்டும்.

இவை 1667ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. ஒரு பல்லில் தொடங்கி ஒரு கடலில் வந்து முடிந்த சிந்தனையைப் பாருங்கள்!

அவர் அத்தோடு நிற்கவில்லை. தஸ்கனி நாட்டின் குன்றுகள், சுரங்கங்கள், குவாரிகள் எங்கும் அலைந்தார். 1669ஆம் ஆண்டில் புளோரன்ஸ் நகரில், திடப்பொருளுக்குள் அடங்கிய திடப்பொருள் பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டார். பாறை அடுக்குகளில் அடியில் உள்ளது முந்தியது, மேலே உள்ளது பிந்தியது. அடுக்குகள் முதலில் கிடையாகவே படிகின்றன, சாய்ந்து கிடந்தால் பின்னர் ஏதோ நிகழ்ந்து சாய்ந்திருக்கவேண்டும். ஓர் அடுக்கு தடையில்லாத வரை பக்கவாட்டில் தொடர்ந்து செல்லும். இம்மூன்றும் இன்று புவியியல் படிப்போர் முதலில் கற்கும் விதிகள். படிகக் கற்கள் சிறிதாயினும் பெரிதாயினும் அவற்றின் முகங்களுக்கு இடையே உள்ள கோணம் மாறுவதில்லை என்பதையும் அதே நூலில் காட்டினார். இரண்டே ஆண்டுகளில் இந்நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பின்னால் எழுதப்போகும் பெரிய நூலுக்கு இது முன்னுரை என்றே அவர் கூறினார். அந்தப் பெரிய நூல் எழுதப்படவே இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பூமியின் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள் என்பது ஸ்டெனோவுக்குத் தெரியாது. தாம் கண்ட அடுக்குகளை நோவாவின் பெருவெள்ளத்தோடு பொருத்திப் பார்க்கவே அவர் முயன்றார். எனினும் அவர் தந்த விதிகளைக் கொண்டுதான் பின்வந்தோர் பூமியின் நீண்ட வயதை அறிந்தார்கள்.

பல் எப்படி முளைக்கிறது?

ஸ்டெனோ கண்ட பல் வரிசையின் இரகசியத்தை இன்றைய அறிவியல் நன்கு விளக்குகிறது. சுறாவின் உடலில் எலும்பு இல்லை, எல்லாம் குருத்தெலும்பு. சுறா இறந்தால் குருத்தெலும்பு பெரும்பாலும் மட்கிப் போகிறது. பல்லோ மிகக் கெட்டியானது. உள்ளே டென்டைன், மேலே எனாமல் போன்ற கடினமான பூச்சு. ஆகவே அது பல கோடி ஆண்டுகள் அழியாமல் கிடக்கிறது.

நமது பல் தாடை எலும்பின் குழியில் ஊன்றி நிற்கிறது. சுறாவின் பல் அப்படி அன்று. ஈறோடு இழைகளால் கட்டுண்டு நிற்கிறது. தாடையின் உட்புறத்தில், ஈறின் மடிப்புக்குள், பல் உண்டாக்கும் திசுப்பட்டை ஒன்று ஓயாமல் வேலை செய்கிறது. அங்கே பிறக்கும் பல் முதலில் மென்மையாக இருக்கும். மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டு, வரிசையோடு முன்னோக்கி நகர்ந்து, நிமிர்ந்து நின்று, இரையைக் கடித்து, ஒருநாள் உதிர்ந்து விழும். உடனே பின்வரிசை முன்னே வரும். இப்படி ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. கடலடிச் சேற்றில் சுறாப் பற்கள் ஏராளமாகக் கிடப்பதன் காரணம் இப்போது விளங்குகிறது அல்லவா?

மீன் சந்தையில் என் விரலைச் சொரசொரக்கச் செய்தது எது தெரியுமா? சுறாவின் தோலில் உள்ள பிளக்காய்டு செதில்கள். ஒவ்வொரு செதிலும் ஒரு குட்டிப் பல்! உள்ளே கூழ், அதைச் சுற்றி டென்டைன், மேலே கடினப் பூச்சு என்று பல்லின் அமைப்பே அதற்கும் உண்டு. எனவே பல்லும் செதிலும் உறவுடையவை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். தோலில் இருந்த செதில் வாய்க்குள் சென்று பல்லாயிற்றா, அன்றி வேறு வழியில் பல் தோன்றியதா என்பது பற்றி அவர்களிடையே இன்றும் விவாதம் நடக்கிறது.

இன்னும் வியப்பான செய்தி ஒன்று. 2016ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், ஒரு சிறிய சுறா இனத்தின் கருவில் பல் முளைப்பதைக் கவனித்தார்கள். அங்கே வேலை செய்யும் மரபணுக்களின் கூட்டமே நம் வாயிலும் பல்லை உண்டாக்குகிறதாம். சுறாவின் திசுப்பட்டை வாழ்நாள் முழுவதும் நிலைக்கிறது. நமக்கோ பால் பல், பிறகு நிலைப் பல் என்று இரண்டு முறை பல் தந்தபின் அது மறைந்துவிடுகிறது. ஆக, சந்தையில் கிடந்த சுறாவும் நானும் மிகப் பழைய ஓர் உறவின் இரு கிளைகள்!

பற்கள் சுறாக்களின் குலமுறையையும் கூறுகின்றன. மால்ட்டாவின் பெரிய நாக்குக் கற்களில் பல, மெகலோடான் என்னும் மறைந்துபோன மாபெரும் சுறாவின் பற்கள். அந்தச் சுறா சுமார் 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பூண்டற்றுப் போயிற்று. அதன் பல்லின் ஓரம் அரம் போல இருக்கும். வெள்ளைச் சுறாவின் பல்லும் அப்படியே. ஆகவே மெகலோடானே வெள்ளைச் சுறாவின் நெருங்கிய உறவினர் என்று நெடுங்காலம் எண்ணினார்கள். ஆனால் தென் அமெரிக்காவில் பெரு நாட்டுப் பாறைகளில் கிடைத்த ஒரு பழைய சுறாவின் பற்களில் அரம் பாதியளவே உருவாகியிருந்தது. 2012ஆம் ஆண்டில் அதற்குத் தனிப்பெயர் இடப்பட்டது. அரம் இல்லாத அகன்ற பல்லுடைய ஒரு பழைய சுறாவிலிருந்து, இந்த இடைநிலைச் சுறா வழியாக வெள்ளைச் சுறா வந்தது என்பது அதனால் தெளிவாயிற்று. மெகலோடான் வேறு கிளை. இரண்டு கிளைகளிலும் அரம் தனித்தனியே தோன்றியிருக்கிறது. தோற்றத்தில் ஒன்றாக இருப்பதெல்லாம் உறவாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

நம் தமிழ்நாட்டிலும் இச்செல்வம் உண்டு. அரியலூர்ப் பகுதியில் கடல் சிப்பிகளோடு சுறாப் பற்களும் பாறையில் கிடைத்துள்ளன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. ஸ்டெனோ இன்று அரியலூருக்கு வந்தால் எவ்வளவு மகிழ்வார்!

பணி மாறிய பாதை

மீண்டும் அவருடைய வாழ்க்கைக்கு வருவோம். 1666ஆம் ஆண்டு, சுறா பிடிபடுவதற்குச் சில மாதங்கள் முன்பு, லிவோர்னோ நகரில் நற்கருணைப் பவனி ஒன்றைக் கண்டார். மக்கள் முழந்தாளிட்டு ஆராதித்ததைக் கண்டு அவர் உள்ளம் அசைந்தது. இது வெறும் அப்பம் என்றால் இவர்கள் எல்லோரும் மதியிழந்தவர்கள். இது மெய்யாகவே கிறிஸ்துவின் உடல் என்றால் தாம் ஏன் வணங்காமல் நிற்கிறோம் என்ற கேள்வி அவரை விடவில்லை. இதையும் அவர் சுறாவின் தலையைப் போலவே ஆராய்ந்தார். எபிரேய, கிரேக்க மொழிகளில் மறைநூலைப் படித்தார். பழைய ஏடுகளைப் புரட்டினார். 1667ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். பாறையைப் பற்றிய நூல் வெளிவந்தது அதற்குப் பிறகுதான் என்பதைக் கவனியுங்கள். நம்பிக்கை வந்ததும் ஆராய்ச்சிக் கத்தியை அவர் கீழே போட்டுவிடவில்லை.

1672இல் டென்மார்க் மன்னர் அழைக்கத் தாயகம் திரும்பி, இரண்டாண்டுகள் உடற்கூற்றியல் கற்பித்தார். பிறகு மீண்டும் புளோரன்ஸ் வந்து, 1675ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். 1677இல் அவரை ஆயராக உயர்த்தி, வட ஐரோப்பாவில் சிதறிக் கிடந்த கத்தோலிக்க மக்களைப் பேண அனுப்பினார்கள். ஹானோவர் நகரில் அவர் இருந்தபோது பேரறிஞர் லைப்னிட்ஸ் அவரைச் சந்தித்தார். இத்தகைய அறிஞர் ஆராய்ச்சியை விட்டுவிட்டாரே என்று லைப்னிட்ஸ் வருந்தினார். பின்னாளில் பூமியின் வரலாறு பற்றித் தாம் எழுதிய நூலில், ஸ்டெனோவின் கருத்துகளைப் பயன்படுத்திக்கொண்டார்.

1680இல் மியூன்ஸ்டர் நகரில் துணை ஆயரானார். அங்கே புதிய ஆயரைத் தேர்ந்தெடுத்ததில் பணம் கைமாறியதாக அறிந்தபோது, அதற்கு உடன்பட மனமின்றி 1683இல் பதவியை உதறிவிட்டு வெளியேறினார். பாறையில் பொய்யை ஏற்காதவர் ஆலயத்தில் மட்டும் ஏற்பாரா? ஏழைகளுக்கு உதவ ஆயருக்குரிய மோதிரத்தையும் சிலுவையையும் விற்றார். கடைசியாக ஷ்வெரின் நகரில் ஒரு சாதாரணக் குருவாகப் பணியாற்றினார். குறைவாக உண்டு, கந்தல் மேலாடை அணிந்து வாழ்ந்தார். கடும் வயிற்று வலியால் துன்புற்று, 1686ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 48 தான். பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ அவருடைய உடலைப் புளோரன்ஸ் நகருக்குக் கொண்டுவரச் செய்து, புனித லாரன்ஸ் ஆலயத்தில் அடக்கம் செய்வித்தார்.

1881ஆம் ஆண்டில் பொலோன்யா நகரில் கூடிய பன்னாட்டுப் புவியியல் அறிஞர்கள் அவருடைய கல்லறைக்கு வந்து நினைவுச் சின்னம் அமைத்தார்கள். 1988ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக உயர்த்தினார். அறிவியலாளரும் விசுவாசிகளும் ஒரே கல்லறையில் மலர் வைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

நான் கண்ட விடை

முதலில் எனக்கு ஸ்டெனோமீது சிறிது வருத்தமே உண்டாயிற்று. இன்னும் 20 ஆண்டுகள் அவர் பாறைகளை ஆராய்ந்திருந்தால் எவ்வளவோ கண்டிருப்பாரே! அந்தப் பெரிய நூலை எழுதாமலே போய்விட்டாரே! லைப்னிட்ஸ் பட்ட வருத்தம் எனக்கும் ஏற்பட்டது. இப்போதும் அந்த வருத்தம் முழுவதும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஷ்வெரின் நகரின் ஏழைகளுக்கு, பாறை அடுக்குகளைவிட ஒரு துண்டு ரொட்டியே அன்று அவசரமாகத் தேவைப்பட்டது. அவருடைய நூலைத் தொடர உலகில் வேறு அறிஞர்கள் இருந்தார்கள். அந்த ஏழைகளைத் தேடிச் செல்ல எத்தனை பேர் இருந்தார்கள்?

எதை நான் விடவேண்டும் என்ற என் பழைய கேள்விக்கும் விடை கிடைத்தது. ஸ்டெனோ எதையும் விடவில்லை. புனித பவுலின்மேல் அவருக்குப் பக்தி இருந்தது. ஆனால் அந்தப் பக்திக்காகப் பல்லை நாக்கு என்று சொல்லவில்லை. பல்லைப் பல் என்று சொன்னதால் அவருடைய விசுவாசமும் குன்றிவிடவில்லை. உண்மை எங்கிருந்து வந்தாலும் அதைப் படைத்தவர் ஒருவரே என்று அவர் அஞ்சாமல் நம்பினார். அச்சமில்லாதவருக்குக் கேள்வி கேட்பது பாவமாகத் தோன்றாது.

இதை அருட்சகோதரியிடம் சென்று கூறினேன். அவர் புன்னகைத்து, அடுத்த கேள்வி என்ன என்று கேட்டார்.

தோழியரே! அடுத்த முறை மீன் சந்தைக்குச் செல்லும்போது சுறாவின் வாயைச் சிறிது நேரம் உற்றுப் பாருங்கள். பிறர் சொன்னதை அப்படியே ஏற்காமல், நம் கண்ணால் கண்டு, தீர விசாரித்து, கண்டதை நேர்மையாகச் சொல்லவும், தேவை வரும்போது நம்மிடம் உள்ளதைப் பிறருக்காக விற்றுக் கொடுக்கவும் அருளாளர் ஸ்டெனோவிடம் கற்றுக்கொள்வோமாக!